ஹெட்டியின் இடது தோள்

“இந்த இடத்துல பெட்டி வேண்டாம், மிசஸ் ஸ்டிம்சன். லாரிக்குப் பின்னாடி கொண்டுபோயிடுங்க,” என்றான் துணை இயக்குநர் ஸ்லோன்.

“எப்பவும் இங்கதானே போடுவேன்?” என்றாள் ஹெட்டி.

“எப்பவும் தீ வைக்கிறதில்லையே. இன்னிக்கு ஆலை மொத்தமும் எரியப்போகுது. ஒரு பொறி உங்க ஆர்மோனியத்து மேல விழுந்தா படத்துல ரெண்டு தீ ஆயிடும்.”

“அப்ப வாசிக்க வேண்டாமா?”

“அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது? உக்காந்து வேடிக்கை பாருங்க. ஒருநாள் சும்மா சம்பளம்!”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஹெட்டி ஆலையின் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

ஊமைப் படத்தில்தான் சத்தம் கிடையாதே தவிர, படம் எடுக்கும் இடத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஹெட்டி காலால் மிதித்து ஆர்மோனியம் வாசிப்பாள். ஃபெரி என்ற கிழவர் பக்கத்தில் நின்று வயலின் இழைப்பார். நடிகர்களுக்கு அழுகை வர வேண்டுமே, அதற்காக. இயக்குநர் கார்மொடியோ கேமராவின் கைப்பிடி சுற்ற ஆரம்பித்ததிலிருந்து நிற்கும்வரை வாயில் மெகாஃபோனை வைத்துக்கொண்டு ஓயாமல் கத்துவார். ‘இடப்பக்கம் திரும்பு, மெதுவா, இப்ப அவ செத்தது ஞாபகம் வருது, உக்காரு, போதும்!’ அவர் சொல்லச் சொல்ல நடிக்க வேண்டும். அதுதான் அங்கே நடிப்பு.

அவர் சொல்வதில் ஒரு சொல்கூட ஆர்லோ ஸ்டிம்சனுக்குக் கேட்காது. பதினான்கு மாதமாகக் கேட்காது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குள் இருக்கும் காது டாக்டர். இன்னொருத்தி ஆர்லோவின் மனைவி ஹெட்டி.

எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். கார்மொடியின் உதடு அந்தத் தகரக் குழாய்க்குள் அல்லவா இருக்கிறது? ஆகவே ஹெட்டி எப்போதும் அவன் கண்ணில் படும்படி ஆர்மோனியத்தைப் போடுவாள். கார்மொடி சொல்வதைக் காதில் வாங்கி உடம்பால் சொல்லுவாள். அவள் இடது தோள் எழும்பினால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். முகவாய் தாழ்ந்தால் உட்கார வேண்டும். இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்துத் தொப்பியைச் சரிசெய்தால், கிளம்பி வா. வாசிப்பவள் ராகத்தில் லயித்து ஆடுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். “ஹெட்டியம்மா, உன் தோளுக்குத் தனிச் சம்பளம் கேளு,” என்று ஃபெரிகூடக் கேலி செய்வார்.

கூப்பிட்டால் திரும்பாததால் ஆர்லோவுக்குத் தலைக்கனம் என்று பேர் வந்திருந்தது. “பேர் வந்துட்டா காது மந்தமாயிடும்போல,” என்று விளக்குக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். ஹெட்டிக்கு அந்தப் பேச்சு நிம்மதியாக இருந்தது. திமிர் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் ஒன்றும் திமிர்பிடித்தவன் இல்லை. கன்சாஸில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து நாடகம் போட்டவன். அந்தக் கூடாரத்திலேயே ஆர்மோனியம் வாசித்த ஹெட்டியைக் கட்டிக்கொண்டு பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் கலிஃபோர்னியா வந்தான். முதல் வாரத்திலேயே மூன்று படத்தில் குதிரைத் திருடனாக மூன்று தடவை செத்தான். பிறகு ஷெரிஃப், பாதிரி, வட்டிக்காரன், மகளைப் பறிகொடுத்த அப்பன். இப்போது அவன் டிராமில் ஏறினால் பையன்கள் விரலைத் துப்பாக்கியாக நீட்டுகிறார்கள். அவனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து காட்டுவான். ஆனால் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். வருகிற வெள்ளிக்கிழமை அந்தத் தேதி. இன்று புதன்.

ஒப்பனைக் கூடாரத்தில் அவன் மஞ்சள் ஒப்பனைப் பூச்சை முகத்தில் தடவிக்கொண்டிருந்தான். ஹெட்டி அவன் கண்ணுக்கு நேரே போய் நின்றாள்.

“என்னை லாரிக்குப் பின்னாடி போகச் சொல்லிட்டாங்க.”

“யாரு?”

“ஸ்லோன். வாசிப்பு கிடையாதாம். நீ மேல ஜன்னல்ல நிக்கும்போது உனக்கு நான் தெரிய மாட்டேன்.”

ஆர்லோவின் விரல் கன்னத்தில் நின்றது. காட்சி சுலபம்தான். மாவு ஆலை எரிகிறது. ஆலைக்காரன் மாடி ஜன்னலில் நின்று, தம்பி வருகிறானா என்று மலைப்பாதையைப் பார்க்கிறான். கூரையில் தீ ஏறிய பிறகு கார்மொடி ‘குதி’ என்பார், சிவப்புக் கொடியும் கீழே இறங்கும். கொடி இறங்கியதும் டிராக்டர்காரர் பத்து எண்ணி, இரும்பு வடத்தால் கூரையை இழுத்துச் சரிப்பார். அதற்குள் ஆலைக்காரன் கீழே நிற்கும் வைக்கோல் வண்டியில் குதித்துவிட வேண்டும். ஆலை ஒன்றுதான். எரிந்தால் எரிந்ததுதான். மறுபடி எடுக்க முடியாது.

“நானே பாத்துக்கிறேன். தீ கண்ணுக்குத் தெரியும்ல?”

“கூரை உன் தலைக்கு மேல இருக்கு. அது எப்ப பத்திச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கொடி தெரியும்.”

“நீ மலைப்பாதையைப் பாத்துட்டு நிக்கணும் ஆர்லோ. கொடி இந்தப் பக்கம். நடுவுல புகை.”

“கத்தாதே.”

“நான் கத்தல. நீதான் கத்துறே.”

அவன் குரலைத் தாழ்த்தினான். அளவு தெரியாமல் ரொம்பவே தாழ்த்திவிட்டான். அவள் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“கார்மொடிகிட்ட சொல்லலாம்னு பாக்கிறியா? சொன்னா வெள்ளிக்கிழமையோட சரி. கூடாரத்துக்குத் திரும்பிப் போகவா? அங்க எதிர்ல நடிக்கிறவன் வசனம் கேட்டாத்தானே என் வசனம் பேச முடியும்? செவிடனுக்கு இருக்கிற ஒரே நாடகம் இதுதான் ஹெட்டி. இதையும் விடச் சொல்றியா?”

அவன் சொன்னது நிஜம். வெளியே யாரோ மண்ணெண்ணெய் டின்களை உருட்டும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

அவள் ரீமரைத் தேடிப் போனாள். ரீமர்தான் கம்பெனியில் வெடி வைக்கிறவர், தீ மூட்டுகிறவர். இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். ஆலையின் பின்பக்கம் ஒரு குழிக்குள் உட்கார்ந்து திரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“சிகரெட் இருந்தா அங்கேயே அணைச்சுட்டு வா தாயி.”

“நான் குடிக்கிறதில்ல.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அப்புறம் எங்கிருந்தோ புகையுது.”

“ரீமர், போன வருஷம் பாலத்துக்கு வெடி வெச்சீங்களே, அன்னிக்கு எவ்வளவு மருந்து வெச்சீங்க?”

ரீமர் திரியைக் கீழே வைத்தார். “இப்ப எதுக்கு அது?”

“ஆர்லோ அந்தப் பாலத்துக்கு இருபது கெஜத்துல நின்னான். அன்னிக்கே ஒரு காது போச்சு. அந்த வாரத்துலயே இன்னொண்ணும். இப்ப ரெண்டும் இல்ல.”

அவர் விரலில்லாத தன் கையைப் பார்த்தார். அப்புறம், “ரெண்டு பங்கு வெச்சேன்,” என்றார். “பத்தாது பத்தாதுன்னு கார்மொடி நச்சரிச்சார். நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். அப்ப இத்தனை நாளா அவன் நான் கூப்பிட்டும் திரும்பாம போனது...”

“நீங்க கூப்பிட்டது கேக்கல.”

“நான் அவனைத் திட்டியிருக்கேன் தாயி. வாய்க்கு வந்தபடி.”

“அதுவும் கேக்கல. விடுங்க. இன்னிக்கு அவனுக்குக் ‘குதி’ன்னு யாரு சொல்றது?”

ரீமர் தலையைச் சொறிந்தார். பிறகு பெட்டியிலிருந்து பியானோக் கம்பி ஒரு சுருள் எடுத்தார். மாடித் தரையில் ஒரு துளை, துளை வழியாகக் கம்பி, கம்பியின் முனை ஆர்லோவின் பூட்ஸில். மறுமுனை இந்தக் குழியில், தன் கையில். கார்மொடி கத்தியதும் வெடுக்கென்று ஒரு இழுப்பு, இழுத்ததும் கம்பியை விட்டுவிடுவார். “எரியாது, அறாது. பல்லைப் பிடுங்குற மாதிரி இழுக்கிறேன், அவன் குதிச்சே ஆகணும். என்னை நம்பு.”

“இந்த ஒரு தடவை நம்புறேன்,” என்றாள் ஹெட்டி.

ரீமரே மாடிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். ஆர்லோ தலையாட்டினானாம், தோளில் தட்டினானாம். ஹெட்டி லாரிக்குப் பின்னால் போய் ஆர்மோனிய முக்காலியின் மேல் ஏறி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ரீமரின் குழியும் தெரிந்தது, மாடி ஜன்னலில் ஒரு ஓரமும் தெரிந்தது.

“கீழ இறங்கு ஹெட்டியம்மா, முக்காலி ஆடுது,” என்றார் ஃபெரி.

“ஆடட்டும்.”

“இந்தா, காபி குடி.”

“வேண்டாம்.”

“போன படத்துல முதலைக்குப் பக்கத்துல அவனை நிக்க வெச்சாங்க, அப்பக்கூட நீ வாசிச்சுக்கிட்டே ரொட்டி தின்னே. இன்னிக்கு என்ன?”

அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று கேமராக்களும் சுழலத் தொடங்கின. ரீமர் திரியைப் பற்றவைத்தார்.

காய்ந்த பலகை, உள்ளே தெளித்த எண்ணெய். குபீரென்று பிடித்துக்கொண்டது. ஸ்லோன் சொன்னது சரிதான். தீக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று ஹெட்டி நினைத்ததில்லை. ஆர்லோ ஜன்னலில் வந்து நின்றான். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையைப் பார்த்தான். தம்பியைத் தேடும் அண்ணனின் முகம் அது. நன்றாகத்தான் செய்தான். அவன் நன்றாகச் செய்யச் செய்ய அவளுக்குப் பயம் கூடியது. நடிக்கும்போது அவன் வேறு எதையும் பார்க்க மாட்டான்.

கூரையின் விளிம்பில் ஒரு நாக்கு எழுந்தது. கார்மொடியின் குழாய் அலறியது.

“இப்ப! குதி! ஸ்டிம்சன், குதி!”

சிவப்புக் கொடி இறங்கியது. டிராக்டர்காரர் எண்ணத் தொடங்கியிருப்பார். ரீமர் குழிக்குள் இரண்டு கையாலும் இழுத்தார். இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தார். எழுந்து நின்றபோது கம்பி முழுவதும் அவர் கையில் இருந்தது. முனை வெறுமனே ஆடியது. அவர் லாரிப் பக்கம் திரும்பி ஹெட்டியைப் பார்த்தார்.

முக்காலி எப்போது சாய்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. கயிறு ஒன்று குறுக்கே இருந்தது, அதை எப்படித் தாண்டினாள் என்றும் தெரியாது. “ஏய், பிடி அவளை!” என்று யாரோ கத்தினார்கள். கேமராக்களுக்கு முன்னால் ஓடினாள். சூடு முகத்தில் அறைந்தது. ஆர்லோ பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பாதையின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கித் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை.

தம்பி வரும் பாதையில் தன் மனைவி நிற்பதை ஆர்லோ பார்த்தான். ஒரு கணம் முகம் சுளித்தான், காட்சியைக் கெடுத்துவிட்டாளே என்று. அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் ஜன்னல் சட்டத்தில் காலை வைத்தான்.

அவன் வைக்கோலில் விழுவதற்கும் வடம் விறைப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு இழுக்கும் நேரம்கூட இல்லை. கூரை அவன் நின்ற ஜன்னலையும் வாங்கிக்கொண்டு உள்ளே சரிந்தது.

“யாரு அந்தப் பொம்பள?” கார்மொடி குழாயை இறக்கக்கூட மறந்து கத்தினார். “என் ஆலை! ஒரே ஆலை! படத்துல நடக்கிறது அம்பது வருஷத்துக்கு முன்னாடி, இவ இந்த வருஷத்துத் தொப்பியைப் போட்டுக்கிட்டு நடுவுல வந்து நிக்கிறா! யாருய்யா அவ?”

“ஆர்மோனியக்காரம்மா சார்,” என்றான் ஸ்லோன்.

“மூணு கேமராவுலயும் விழுந்திருக்காளா?”

“என்னோடதுல விழல,” என்றார் கிட்டத்தில் இருந்த கேமராக்காரர். “எனக்கு ஜன்னல் மட்டும்தான். குதிச்சது முழுசா இருக்கு. மத்த ரெண்டையும் தூக்கிப் போடணும்.”

கார்மொடியின் மூச்சு சற்றுத் தணிந்தது. ஆர்லோ வைக்கோலை உதறிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். புருவம் கருகியிருந்தது. கார்மொடி மறுபடி குழாயை வாயில் வைத்து, நாலடி தூரத்திலிருந்து அவனிடம் கேட்டார்.

“நான் கத்தினப்ப நீ ஏன் குதிக்கல?”

ஆர்லோ குழாயைப் பார்த்தான். பிறகு ஹெட்டியைப் பார்த்தான். அவள் உதடு அசையப் போனது. அவன் கையைக் காட்டி நிறுத்தினான். சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள்.

“அதை இறக்கிட்டுப் பேசுங்க சார். எனக்குக் காது கேக்காது.”

கார்மொடி குழாயை மெதுவாக இறக்கினார்.

“எவ்வளவு நாளா?”

“பாலத்திலேர்ந்து.”

“என்கிட்ட ஏழு படம் நடிச்சிருக்கியே! அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்டய்யா பேசிட்டிருந்தேன்?”

“எங்ககிட்ட,” என்றார் ஃபெரி பின்னாலிருந்து. “நாங்க கேட்டுக்கிட்டுதான் இருந்தோம்.”

இரண்டு பேர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். ரீமர் கம்பிச் சுருளோடு முன்னால் வந்தார். “ரெண்டு பங்கு மருந்து வெக்கச் சொன்னது யாருன்னு எல்லாருக்கும் சொல்லட்டுமா கார்மொடி?”

கார்மொடி அவரைப் பார்க்கவில்லை. ஆர்லோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹெட்டியிடம் என்னென்னவோ சொன்னார். நிறையச் சொன்னார். ஆர்லோவுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கழுத்து சிவந்ததும் ஹெட்டியின் முகம் வெளுத்ததும்தான்.

கூடாரத்துக்குள் ஹெட்டி ஒப்பனை கலைக்கும் களிம்பைத் தொட்டு அவன் முகத்திலிருந்த கரியைத் துடைத்தாள்.

“கம்பி என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவள் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“கம்பி என்ன ஆச்சு ஆர்லோ?”

“கழட்டிட்டேன்.”

“என்னது?”

“வெயில் பட்டுப் பளபளன்னு மின்னிச்சு ஹெட்டி. பூட்ஸ்லேர்ந்து ஒரு கோடு. படத்துல தெரியும். ஆலைக்காரன் கால்ல கம்பி இருந்தா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா?”

“படத்துல இப்ப நான்தான் தெரியிறேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே துடைத்தாள். புருவத்தைத் தொடும்போது மட்டும் அவன் பல்லைக் கடித்தான்.

“கார்மொடி என்ன சொன்னாரு?”

இதுவரை அவள் எதையும் அப்படியே சொன்னதில்லை. ‘மரக்கட்டை மாதிரி நிக்கிறான்’ என்று அவர் சொன்னால், ‘இன்னும் கொஞ்சம் இளக்கமா நில்லுன்னார்’ என்றுதான் அவனிடம் போய்ச் சேரும்.

“முழுசா சொல்லு,” என்றான்.

“இந்தப் படம் முடியிற வரைக்கும் நீ வேணுமாம். இன்னும் மூணு நாள். எடுத்த வரைக்கும் தூக்கிப் போட முடியாதாம்.”

“வெள்ளிக்கிழமை?”

“கையெழுத்து போட வேண்டாம்னு அவரே ஆபீஸ்ல சொல்லப்போறாராம்.”

“அப்புறம்?”

“நான் இனிமே கேமரா பக்கம் வரக் கூடாது.”

“அப்புறம்? இன்னும் என்னமோ சொன்னாரு. உன் முகத்துல பாத்தேன்.”

ஹெட்டி துணியை மடித்தாள். “எப்படி நடிச்சான்னு கேட்டார், தோள் விஷயத்தைச் சொன்னேன். பொண்டாட்டி தோளைத் தூக்கினா திரும்புறான், பொம்மலாட்டம்தானே, இத்தனை நாள் நடிச்சது யாருன்னு கேட்டார்.”

ஆர்லோவின் முகம் சுருங்கியது. கூரை விழுந்தபோதுகூட அந்த முகம் அப்படிச் சுருங்கவில்லை.

“நீ என்ன சொன்னே?”

“தோளைத் தூக்கினது நான்தான். திரும்பினதும் அழுததும் அவன். வேணும்னா உங்க தோளைத் தூக்கிப் பாருங்க, யாரு அழறாங்கன்னு பாப்போம்னேன்.”

“நிஜமாவே சொன்னியா?”

“பாதி சொன்னேன். மீதியைச் சொல்றதுக்குள்ள அவர் போயிட்டார்.”

அவன் சிரிக்கப் பார்த்தான், புருவம் வலித்தது. அதற்குள் கூடாரத்துக்கு வெளியிலிருந்து, “ஸ்டிம்சன் சார், அடுத்த ஷாட்!” என்று ஸ்லோனின் குரல் வந்தது. பிறகு ஒரு தயக்கம். படுதாவை விலக்கிக்கொண்டு ஸ்லோனே உள்ளே வந்து, ஆர்லோவுக்கு நேரே குனிந்து நின்று, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

“அடுத்த... ஷாட்டுக்கு... கூப்பிடுறாங்க... வண்டியில... அழற... காட்சி.”

“கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுப்பா. எச்சில் தெறிக்குது,” என்றான் ஆர்லோ.

ஸ்லோன் காதுவரை சிவந்து வெளியே போனான். ஆர்லோ எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டான். வாசலில் நின்று திரும்பி அவள் இடது தோளைப் பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டே வெயிலுக்குள் போனான்.

அவள் அங்கே போகக் கூடாது. பதினான்கு மாதத்தில் அவன் ஒரு தடவைகூட அவள் இல்லாமல் கேமரா முன் நின்றதில்லை. எங்கே பார்ப்பான்? யார் தோளைப் பார்ப்பான்? அழுவதற்கு முன்னால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், அது அவனுக்கு ஞாபகம் இருக்குமா? திரும்பாவிட்டால் கார்மொடி ‘மறுபடி’ என்பார். இரண்டு தடவை ‘மறுபடி’ என்றால் குழாயைத் தூக்கி எறிவார். மூன்றாவது தடவை, மூன்று நாளும் வேண்டாம், இப்போதே போ என்பார்.

ஹெட்டி படுதாவின் ஓரத்தில் ஒட்டி நின்று காதைக் கொடுத்தாள். ஃபெரியின் வயலின் தனியாக எழுந்தது. கார்மொடியின் குழாய்க்காகக் காத்திருந்தாள். குழாய்ச் சத்தமே வரவில்லை. வயலின் மட்டும் இழைந்துகொண்டே போனது.

வயலின் நின்றது.

அவள் ‘மறுபடி’க்காகக் காத்திருந்தாள். யாரோ இருமினார்கள். ஒரு குதிரை காலை மாற்றி வைத்தது. கார்மொடியின் குரல், சாதாரணக் குரல், எரிச்சலோடுதான் வந்தது.

“சரி. அடுத்தது எடுங்க.”

ஹெட்டி ஒப்பனை முக்காலியில் உட்கார்ந்து அடுத்ததற்குக் காதைக் கொடுத்தாள்.